மரக்குளிசைக் கட்டில்

1

எங்கள் மகளின் அறையில் இந்தக் குளிர்காலம் ஏறக்குறைய ஒரு தொன் மரத்தூள் குடியிருந்தது. மகள் இருக்கவில்லை. வாசிக்கிற நீங்கள் எங்களைப் பற்றி ஏதாவது நினைத்துவிட முன்னர் விஷயத்தை ஆதியிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

கொக்குவிலில் இருந்து எனக்குப் போன் எடுக்கிற சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். ஆடி மாதம் எடுத்தாலும் "அங்கை இப்ப நல்ல வெயிலோ?" என்றுதான் தொடங்குவாள். அவுஸ்திரேலியா என்றால் அவளுக்குக் கலண்டரில் வருகிற கடற்கரைதான். நல்லூரில் கொடியேறுகிற நேரம் நான் இங்கே இரண்டு சோடிக் காலுறையை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திரிகிறேன் என்றால் "புளுகாதை" என்பாள். இந்தக் குறிப்பை முதலில் அவளுக்காகவும் அதற்குப் பிறகு மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

நாங்கள் சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர்கள். ஸ்ரேசனுக்கு நடந்து போகலாம். ஸ்ரேசனடியிலேயே எங்கள் ஆட்களின் கடைகள். பின்னேரம் இடியப்பமும் சம்பலும் வாங்கிக்கொண்டு வந்தால் அன்றைக்குக் குசினிப் பக்கம் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. இவருக்கு ரயில் சிக்னல் பகுதியில் வேலை. இவர் என்றால் என் கணவர், பெயர் குணரத்தினம். நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, இப்போது எழுதியதே பெரிய காரியம். எனக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. இரண்டு பேரும் ஒரே வருடம் ஓய்வு பெற்றோம். ஓய்வு பெற்ற ஆம்பிளையை வீட்டில் வைத்துப் பராமரிப்பது பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம்.

மேற்கு சிட்னியின் தை மாத வெயில் பொல்லாதது. அப்படியொரு நாளில், தலையில் ஈரத்துவாயைப் போட்டுக்கொண்டு காற்றாடிக்கு முன்னால் கதிரையில் இருந்தவர் திடீரென்று சொன்னார்.

"இஞ்சரும், இனி என்னால ஏலாது. நாங்கள் மலைப்பக்கம் போவம்."

யாழ்ப்பாணத்து வெயிலில் வெங்காயத்துக்குத் தண்ணி கட்டி வளர்ந்த மனிதர் சொல்கிற கதையா இது? ஆனால் சொன்னதைச் செய்துவிடுகிற ஆள். வென்ட்வேர்த்வில் வீட்டை விற்று, சிட்னிக்கு மேற்கே மலையில் கட்டூம்பாவில் ஒரு பலகை வீடு வாங்கினோம். அதைப் பார்க்கப் போனதும் கோடையில்தான். ஜன்னலைத் திறந்ததும் சிலுசிலுவென்று காற்று வந்தது. "பாத்தீரே, ஏசியே தேவையில்லை" என்று அறை அறையாக நடந்து திரிந்தார். தை மாதத்தில் இப்படியென்றால் ஆடி மாதத்தில் எப்படி இருக்கும் என்று படித்த இரண்டு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆடியில் தெரிந்தது. இந்த நாட்டில் வீடு கட்டினவர்களுக்குக் குளிர்காலம் என்று ஒன்று வரும் என்பது மறந்துபோயிருக்க வேண்டும். நோர்வேயில் இருக்கிற என் தம்பி வந்து ஒரு கிழமை நின்றான். வெளியே பனி கொட்டுகிற நாட்டில் வீட்டுக்குள் பனியனோடு இருக்கிறவன், இங்கே கம்பளியைப் போர்த்துக்கொண்டு, "அக்கா, இது வீடோ கூடாரமோ?" என்று கேட்டான். இவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

2

மகள் அபிரா. எங்களுக்கு ஒரே பிள்ளை. சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிநேகிதியோடு அப்பார்ட்மென்ட் எடுத்து இருக்கிறாள், வேலையும் அங்கேதான். வென்ட்வேர்த்வில் வீட்டில் நடை பழகி, அந்த வீட்டிலிருந்தே பள்ளிக்கூடமும் யுனிவர்சிற்றியும் போனவள். அந்த வீட்டை விற்கப் போகிறோம் என்று சொன்னபோது அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போனைப் பார்த்தபடி "இட்ஸ் யுவர் ஹவுஸ்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு ரயிலில் வருவாள். வந்தால் ஜக்கெற்றைக் கழற்ற மாட்டாள். ஜக்கெற்றோடு இருந்து சோறு சாப்பிடுவாள், ஜக்கெற்றோடு பாத்திரம் கழுவித் தருவாள், பின்னேர ரயிலுக்கு எழும்பிவிடுவாள்.

"இண்டைக்கு நிண்டுட்டுப் போவன் பிள்ளை" என்று நான் சொன்னால், "அம்மா, உங்கட வீடு ஃப்ரிட்ஜ் மாதிரி. சீரியஸ்லி" என்பாள். பிறகு "போட்டு வாறன்" என்று என் கன்னத்தில் ஒரு முத்தம் தருவாள். அந்தக் கன்னம் குளிரும்.

இவர் அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். சிக்னல் பழுதென்றால் வயரைப் பார், வீடு குளிர் என்றால் ஹீற்றரைப் பார் என்பதுதான் இவருடைய ஞானம். வீட்டைச் சூடாக்கினால் பிள்ளை தங்குவாள், அவ்வளவுதான் கணக்கு. குளிர் பாதிக் காரணம், நாங்கள் அவளைக் கேட்காமல் வீட்டை விற்றது மீதிப் பாதி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பிள்ளை ஒரேயொரு இரவு எங்களோடு நிற்க வேண்டும், காலையில் தலையைக் கலைத்துக்கொண்டு குசினிக்குள் வந்து தேத்தண்ணி கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

3

விறகு அடுப்பு வைக்கலாம் என்றால் எனக்கு இழுப்பு, புகை ஆகாது. இவர் இரண்டு கிழமை கொம்பியூட்டருக்கு முன்னால் தவமிருந்துவிட்டு, பெலற் ஹீற்றர்தான் எங்களுக்கு ஏற்றது என்று அறிவித்தார்.

பெலற் என்பது வேறொன்றுமில்லை. மர ஆலைகளில் மிஞ்சுகிற தூளை இறுக்கி நெருக்கிச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, பிளாஸ்ரிக் பைகளில் அடைத்து விற்கிறார்கள். மருந்து மாத்திரை மாதிரி இருந்ததால் நான் அதற்கு மரக்குளிசை என்று பெயர் வைத்தேன். வென்ட்வேர்த்வில்லில் கடை வைத்திருக்கிற மாலா அக்கா ஒருநாள் எங்கள் காருக்குள் ஒரு பையைக் கண்டுவிட்டு, "கோழி வளக்கத் தொடங்கிட்டியளோ?" என்று கேட்டா. பாவம், அவவிலும் பிழை சொல்ல முடியாது. இந்த நாட்டில் இதையே பூனை ஒன்றுக்கிருக்கிற தட்டிலும் போடுகிறார்கள் என்று பிறகுதான் எனக்கும் தெரிந்தது.

ஹீற்றர் பார்வைக்கு ஒரு சின்ன அலுமாரி. மேலே மூடியைத் திறந்தால் குளிசை கொட்டுகிற தொட்டி. தொட்டிக்குக் கீழே ஒரு திருகாணி சுழன்று சுழன்று குளிசைகளைக் கொஞ்சங் கொஞ்சமாக நெருப்புக்குள் தள்ளும், உள்ளே இருக்கிற காற்றாடி சூட்டை அறைக்குள் ஊதும். முதல் நாள் அதன் கண்ணாடிக்கு முன்னால் இவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்த இருப்பைப் பார்க்க வேண்டும். வீட்டில் புதிதாகப் பிள்ளை பிறந்தபோதுகூட மனிதர் இப்படி இமை கொட்டாமல் பார்த்ததில்லை.

ஹீற்றர் விற்ற பெண்பிள்ளை பைகளைப் பற்றி விளக்கமாகச் சொல்லித்தான் விட்டாள். ஈரம் படக் கூடாது. சீமெந்துத் தரையில் நேரே வைக்கக் கூடாது, கீழே மரத்தட்டுப் போட வேண்டும். சுவரோடு ஒட்டி அடுக்கக் கூடாது. பையைத் தூக்கி எறிந்தால் குளிசை உடைந்து தூளாகும், தூள் போனால் திருகாணி இறுகும். முக்கியமாக, பாவிக்கிற நேரம் வரைக்கும் பையை வெட்டக் கூடாது. எல்லாம் சொல்லி முடித்து, ஒரு குளிசையைத் தண்ணீர்க் கிளாசுக்குள் போட்டுக் காட்டினாள். தேத்தண்ணிக்குள் விழுந்த பிஸ்கற் மாதிரி ஊதிக் கரைந்துபோனது. இவர் ஒவ்வொன்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். நானும் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்தேன். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இவ்வளவு காலத்தில் விளங்கியிருக்க வேண்டும்.

4

லொறி வந்தது. ட்ரைவர் பைகள் அடுக்கின மரத்தட்டை வீதியோரம் இறக்கிவிட்டு, அதற்கு மேல் தன் பொறுப்பு இல்லை என்றான். வீட்டுக்குப் போகிற பாதையோ ஏற்றம். இவர் தேத்தண்ணி கொடுத்துப் பார்த்தார். குடித்துவிட்டு, "சியர்ஸ் மேற்" என்று சொல்லிப் போய்விட்டான். ஒவ்வொரு பையும் பதினைந்து கிலோ. எறியக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னபடியால், கைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கராஜுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அன்றைக்கு இரண்டு பேரும் முதுகுக்கு மாறி மாறித் தைலம் பூசினதுதான் மிச்சம்.

கராஜில் அடுக்கி முடித்து ஒரு நாள் போகவில்லை. இவர் போய் நின்று பைகளை உற்றுப் பார்த்தார். பிளாஸ்ரிக்கின் உள்பக்கம் ஒன்றிரண்டு நீர்த்துளி தெரிந்தது.

"இஞ்சரும், இது வேர்க்குது. மூச்சுவிட வழியில்லை. இப்பிடியே விட்டால் அவிஞ்சு நாறிப்போகும்."

எங்கள் ஆட்களுக்கு இது இரத்தத்தில் ஊறின விஷயம். மூட்டை என்று ஒன்று இருந்தால் அது மூச்சுவிட வேண்டும். வெங்காயமோ நெல்லோ செத்தல் மிளகாயோ, காற்றுப் படாவிட்டால் பழுதாகும். இவருடைய ஆட்கள் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் காற்றாடத் தூக்கி வைத்த குடும்பம். சாக்குத் தைக்கிற பெரிய ஊசியை எங்கிருந்தோ எடுத்து வந்து, ஒரு பை தப்பாமல் எல்லாவற்றிலும் வரிசை வரிசையாகக் குத்தினார். நான் தடுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நானும் நின்று, "கீழ்ப்பக்கமும் குத்துங்கோ" என்றுதான் சொன்னேன்.

மலையில் காலை வேளைகளில் மூடுபனிப் புகார் கராஜ் கதவுக்குக் கீழால் உள்ளே வரும். அது இவர் போட்ட ஓட்டைகளைத் தேடித் தேடிப் போயிருக்கிறது. கொஞ்ச நாளில் பைகள் தலையணை மாதிரி ஊதிக்கொண்டு நின்றன. எங்களுக்கு அதுவும் நல்ல அறிகுறியாகவே பட்டது, மூச்சு விடுகிறது என்று.

அந்த மாதத்து ஞாயிறு அபிரா வந்தாள். இவர் புதிய ஹீற்றரைக் காட்டுகிற சந்தோஷத்தில் ஒரு பையை வெட்டித் தொட்டிக்குள் கொட்டினார். குளிசைக்குப் பதில் பிட்டு மா மாதிரி ஒன்று பொதுக்கென்று விழுந்தது. திருகாணி ஒரு முறை முனகியது. பிறகு ஹீற்றரில் சிவப்பு லைற் பத்தியது, எல்லாம் நின்றுவிட்டது.

அபிரா பையைக் கையிலெடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, இதில ஏன் ஹோல்ஸ் இருக்கு?"

"மூச்சு விடட்டும் எண்டு குத்தினனான், பிள்ளை."

"இட்ஸ் வுட், அப்பா. செத்த மரம்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைக் கலக்குகிறவள் மாதிரி திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு வழக்கமான ரயிலுக்கு முந்தின ரயிலிலேயே போய்விட்டாள். ஊறின மரத்தூள் எல்லாம் ரோசாச் செடிகளுக்கு அடியில் போனது. செடிகளாவது சூடாக இருக்கட்டும் என்றார் இவர்.

5

இரண்டாவது தடவை வாங்கும்போது இவர் முந்தினதைவிடக் கூடுதலாகவே ஓடர் பண்ணினார். ஏன் இவ்வளவு என்று கேட்டேன்.

"பிறகு வராமல் விட்டால்?"

இதற்கு மேல் எங்கள் தலைமுறை ஆட்களிடம் வாதாட முடியாது. சண்டை நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு ஒன்றும் வரவிடாத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தலைப் பிள்ளை மாதிரிப் பொத்தி வைத்தவர்கள் நாங்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் நெருப்புப் பெட்டியும் மெழுகுதிரியும் ஒரு ஊருக்குப் போதுமான அளவு இருக்கிறது. அபிரா அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ வியாதிப் பெயர் சொல்லுவாள்.

இந்தத் தடவை கராஜ் சரிவராது என்று தீர்மானமாயிற்று. வீட்டில் ஈரமே இல்லாத அறை எது? இங்கே வெயில் வடக்குப் பக்கத்தால்தான் வரும். வடக்குப் பார்த்த அறை ஒன்றுதான். அது அபிராவுக்கென்று ஒதுக்கின அறை. வென்ட்வேர்த்வில்லில் இருந்து கொண்டுவந்த அவளுடைய கட்டிலை அங்கேதான் போட்டிருந்தோம். அவள் அதில் ஒரு நாளும் படுக்கவில்லை. பிளாக்டவுனில் புதிதாக வந்திறங்கிய ஒரு குடும்பம் தரையில் படுக்கிறது என்று கேள்விப்பட்டு, இவர் அந்தக் கட்டிலைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். மெத்தை மட்டும் சுவரில் சாய்ந்து நின்றது.

ஆகவே பைகள் அந்த அறைக்குப் போயின. கீழே மரத்தட்டு, சுவரோடு ஒட்டாமல் இடைவெளி, எல்லாம் அந்தப் பெண் சொன்ன மாதிரியே. பிள்ளையைச் சூடாக வைத்திருக்க வாங்கின விறகைப் பிள்ளையின் அறைக்குள்ளேயே நிரப்பிவிட்டு, எவ்வளவு நேர்த்தியாக அடுக்கியிருக்கிறோம் என்று இரண்டு பேரும் வாசலில் நின்று ரசித்தோம்.

இவருக்கு அதோடு மனம் ஆறவில்லை. வீட்டு இன்சூரன்ஸ்காரருக்குப் போன் எடுத்து, இப்படி வைத்திருக்கலாமா என்று கேட்க வெளிக்கிட்டார். அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்ட பிறகு லைனில் ஒரு பெண் வந்தாள். சோதனைச் சாவடியில் பழகின ஆட்களுக்கு ஒரு குணம், கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். இவர் பை எத்தனை, எந்த அறை, ஜன்னல் எத்தனை, அது யாருடைய அறை என்று வரிசையாகச் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தபடியால் எனக்கும் கேட்டது.

"அந்த அறையில் யாராவது நித்திரை கொள்கிறார்களா?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை. மகளின் அறைதான். ஆனால் அவள் இங்கே நித்திரை கொள்வதில்லை."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பெண் ஓகே என்று எதையோ தட்டிக்கொண்டாள், ஹீற்றருக்குக் கிட்ட வைக்க வேண்டாம் என்றாள், காற்றோட்டம் இருக்கட்டும் என்றாள். போனை வைத்த பிறகு இவர் அந்த அறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கப் போனார். போனவர் திரும்பி வர நேரமெடுத்தது. எனக்கும் அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

6

அடுத்த கிழமையே அபிராவிடமிருந்து மெசேஜ் வந்தது. வேலையிடத்துச் சிநேகிதி ஒருத்திக்குக் கட்டூம்பாவில் கலியாணம், சனிக்கிழமை காலையில் வெள்ளெனப் போக வேண்டும், வெள்ளி இரவு தங்கட்டுமா என்று கேட்டிருந்தாள். தங்கட்டுமா என்று பிள்ளை அனுமதி கேட்டது எனக்குக் குத்தியது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"வாறாளாம். தங்கிறாளாம்" என்று குசினியில் இருந்து கத்தினேன்.

இவரும் சந்தோஷமாக எழும்பினார். பிறகு அப்படியே நின்றார். "எங்கை படுக்கிறது?"

அறை முழுவதும் மூட்டை. கட்டில் பிளாக்டவுனில். புதுக் கட்டில் வாங்கினாலும் போடுவதற்கு இடமில்லை. இவ்வளவு பையையும் வேறு இடத்துக்கு மாற்ற எங்கள் முதுகில் சக்தியும் இல்லை. அப்போதுதான் எங்கள் வீட்டு என்ஜினியருக்கு யோசனை வந்தது. பைகளையே கட்டிலாக அடுக்கிவிடுவது. மரத்தட்டுக்கு மேல் ஒரு வரிசை நெடுக்காக, அடுத்த வரிசை குறுக்காக. பதுங்குகுழிக்கு மண்மூட்டை அடுக்கின கை, ஒரு இடத்திலும் ஆட்டமில்லை. மீதிப் பைகள் விறாந்தைக்கும் எங்கள் அறைக்கும் போயின. மேலே மெத்தையைப் போட்டு விரிப்பும் விரித்துவிட்டுப் பார்த்தால், உண்மையில் ஒரு கட்டில்தான். எனக்கு அது புதினமாகப் படவில்லை. ஊரில் எங்கள் வீட்டில் மாரி தொடங்க முதல் விறகைக் கட்டிலுக்குக் கீழேதான் அடுக்குவார்கள், நான் அதற்கு மேலே படுத்துப் படித்துத்தான் சோதனை பாஸ் பண்ணினவள்.

வெள்ளி பின்னேரம் அபிரா வந்தாள். ஜக்கெற்றோடு அறை வாசலில் நின்று பார்த்தாள். விரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள்.

"என்ன இது?"

"ஆடாது பிள்ளை. நான் ஏறி நிண்டு பாத்தனான்" என்றார் இவர்.

"என்ட கட்டில் எங்க?"

இவர் என்னைப் பார்த்தார். இப்படியான நேரங்களில் பேச்சாளர் நான்தான். "பிளாக்டவுனிலை புதுசா வந்த சனம் நிலத்திலை படுக்குதுகள் எண்டு குடுத்திட்டம். நீ தங்கிறேல்லைத்தானே எண்டு..."

அவள் முகம் ஒரு மாதிரிப் போனது. "ரைட்" என்றாள். வீடு விற்றபோது பார்த்த அதே முகம். இனிமேல் இந்தப் பிள்ளை வரவே மாட்டாள், கலியாணத்துக்குக்கூட வேறெங்காவது அறை எடுத்துப் போய்விடுவாள் என்று எனக்குப் பட்டது.

இவருக்கு அது ஒன்றும் தெரியவில்லை. அவர் தன் பாட்டில், "ஜன்னலை மட்டும் சாத்திப்போடாதை. இந்தப் பையளுக்குக் காத்தோட்டம் வேணும், இன்சூரன்ஸ் பிள்ளை சொன்னவள்" என்றார்.

அபிரா போனை எடுத்துத் தேடிப் பார்த்தாள். உண்மைதான், மரக்குளிசை வைத்த இடத்தில் காற்று வந்துபோக வேண்டுமாம். போனை வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தாள். கட்டில் சரக்கென்றது.

"சோ, எனக்குக் குளிரும் எண்டு ஹீற்றர் வாங்கினீங்கள். ஹீற்றருக்கு விறகு வாங்கினீங்கள். இப்ப நான் விறகுக்கு மேல, ஜன்னலைத் திறந்து வச்சுக்கொண்டு, குளிருக்குள்ள படுக்க வேணும்."

"ஓம்" என்றார் இவர், மிகுந்த பொறுப்போடு.

முதலில் சிரித்தது அவள்தான். அவளைப் பார்த்து நான். கடைசியாக இவர், எதற்கென்று முழுதாக விளங்காமலே. அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணி வந்தது. சரியாகச் சொன்னால் அது முழுவதும் சிரிப்புத் தண்ணி என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் போயிருந்து அவளுடைய தலையைத் தடவினேன், அவள் விட்டாள்.

காலையில் தலையைக் கலைத்துக்கொண்டு குசினிக்குள் வந்து தேத்தண்ணி கேட்டாள். நான் கேட்டதெல்லாம் அதுதானே. கலியாணத்துக்குப் போய்விட்டு அங்கிருந்தே ரயில் ஏறினவளிடமிருந்து இவருடைய போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அப்பா, என்ட கட்டிலை எரிச்சுப்போடாதேங்கோ என்று.

7

இவருக்கு அது ஒரு நீதிமன்றக் கட்டளை மாதிரி. விறாந்தைப் பைகள், எங்கள் அறைப் பைகள் எல்லாம் ஒவ்வொன்றாக எரிந்தன. கட்டிலில் ஒரு பையில்கூட இவர் கை வைக்கவில்லை. அபிரா அதற்குப் பிறகும் இரண்டு தரம் வந்து தங்கினாள். நான் விரிப்பை மாற்றும்போது இவர் பின்னால் வந்து நின்று, பை ஏதாவது இடம் விட்டு அரக்கியிருக்கிறதா என்று பார்ப்பார்.

புரட்டாதி பிறந்தது. வசந்தம் வந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். மலைக்கு அந்தச் செய்தி கிடைக்கவில்லை. ஒரு கிழமை ஊசி ஊசியாகக் குளிர்காற்று, பனித்தூறல் வேறு. எங்களிடம் இருந்த மற்றப் பைகள் முடிந்துவிட்டன. ஹீற்றர் விற்ற கடைக்குப் போன் எடுத்தால், சீசன் முடிகிறது, இனி அடுத்த மாதம்தான் சரக்கு வரும் என்றார்கள்.

"பாத்தீரே, நான் இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்க வேணும்" என்றார் இவர்.

"பக்கத்து அறையிலை கிடக்கிறது என்னவாம்?"

"அது கட்டில்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மூட்டை மூட்டையாய் விறகு. இந்தப் பக்கம் குளிர்ந்துபோன ஹீற்றருக்கு முன்னால் இரண்டு கிழடுகள், தலையில் கம்பளித் தொப்பியும் மடியில் சுடுதண்ணிப் பையுமாக. எனக்குக் கையைக் காலை ஆட்ட முடியவில்லை. ஆனால் நானும்தான் ஒரு நாளும் "எடுத்து எரியுங்கோ" என்று சொல்லவில்லை. அபிரா போன் எடுத்து "ஹீற்றர் போட்டிருக்கிறீங்களா?" என்று கேட்டபோது, "ஓமோம், நல்ல சூடு" என்று பல் கிடுகிடுக்கச் சொன்னேன்.

என் பல்லை அவள் நம்பியிருக்கிறாள் போல. சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். எங்களைப் பார்த்தாள், ஹீற்றரைப் பார்த்தாள், விறாந்தையைப் பார்த்தாள். நேரே தன் அறைக்குள் போனாள். மெத்தையை இழுத்துச் சுவரில் சாத்துகிற சத்தம் கேட்டது. இவர் பதறி எழும்பினார்.

"பிள்ளை, அது உன்ர கட்டில்..."

அவள் ஒரு பையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். எறியவில்லை, மெதுவாக இறக்கி வைத்தாள். கத்தரிக்கோலால் வெட்டித் தொட்டிக்குள் கொட்டி, பட்டனை அமத்தினாள். கண்ணாடிக்குள் நெருப்புப் பிடிக்கும்வரை அதற்கு முன்னால் குந்தியிருந்தாள். அறை சூடேறினபோது எழும்பி ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். இந்த வீட்டுக்குள் அவள் ஜக்கெற் இல்லாமல் நிற்பதை நான் பகலில் பார்த்தது அன்றுதான்.

"இதை எரிச்சால் நீ எங்கை படுக்கிறது?" என்று இவர் கேட்டார். அந்தக் குரலைக் கேட்க எனக்கே பாவமாக இருந்தது.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும்.

"அப்பா, எனக்கொரு கட்டில் வாங்குங்கோ. உண்மையான கட்டில்."

பள்ளிக்கூடம் முடித்த பிறகு எங்களிடம் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்காத பிள்ளை. இவர் மேசை லாச்சியில் இருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவளுடைய அறைக்குப் போனார். சுவரோரம் குனிந்து அளக்கத் தொடங்கினவர், தலையை நிமிர்த்தி அங்கிருந்தே கேட்டார்.

"ஒராள் படுக்கிறதோ, ரெண்டு பேர் படுக்கிறதோ?"

இவர் இடத்தை யோசித்துத்தான் கேட்டார். அபிரா ஹீற்றர்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேருக்கு வாங்குங்கோ" என்றாள். "எப்பவும் நான் தனியவே வருவன் எண்டில்லை."

எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. அதே நேரம் யாரது, எந்த ஊர், என்ன பிள்ளை என்று ஆயிரம் கேள்வி வாய்வரை வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு யாராவது எனக்கு ஒரு பரிசு தர வேண்டும். அறைக்குள் எட்டிப் பார்த்தேன். இவர் குனிந்த நிலையிலேயே நாடாவைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சரும்" என்றார். "இது அகலக் கட்டில். வந்து மற்ற நுனியைப் பிடியும்."

நான் போய் மற்ற நுனியைப் பிடித்தேன்.